கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வந்த பிறகு சமையலறையில் என்ன மாற்றுவது? சேலத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

லிப்பிட் புரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் எண்ணுக்குப் பக்கத்தில் 'அதிகம்' என்று விழுந்திருக்கும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "காய்கறி, பழம் நிறையச் சேத்துக்குங்க, எண்ணெயைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார். நிறைய என்றால் எத்தனை கிராம், எந்தக் காய், அதை எப்படிச் சமைத்தால் சத்து மிஞ்சும், மாதம் எவ்வளவு செலவாகும் என்ற கேள்வியெல்லாம் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எழும். இணையத்தில் தேடினால் ப்ளூபெர்ரி, கிரீன் டீ, கேப்சூல் என்று வரிசை கட்டி நிற்கும். சேலத்தில் இருப்பவருக்கு இவை எதுவும் தேவையில்லை. உழவர் சந்தையில் கிடைப்பதே போதும். ஆனால் வரிசை தவறாமல் தொடங்க வேண்டும்.

அடிப்படை மட்டும் சுருக்கமாக. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. வெள்ளணுக்கள் அதை விழுங்கி அங்கேயே தங்கிவிட, படிவு வளர்கிறது. காய், கனி, கீரை, பருப்பு, கொட்டை ஆகியவற்றில் இருக்கும் வைட்டமின் சி, வைட்டமின் இ, கரோட்டினாய்டுகள், பாலிஃபீனால்கள் முதலான ஆன்டிஆக்ஸிடன்ட்டுகளும் (ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள்), கூடவே வரும் நார்ச்சத்தும் பொட்டாசியமும் சேர்ந்து குழாயின் உட்சுவரைக் காக்க உதவுகின்றன. சேர்ந்து என்ற சொல்லை மறக்க வேண்டாம். அதில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து விழுங்கினால் என்ன ஆகும் என்பதை 7-ஆம் படியில் பார்க்கலாம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துத் தொடங்குங்கள். ஸ்டாட்டின் மாத்திரை எல்.டி.எல்.-ஐ 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும். சாப்பாட்டு மாற்றம் பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதம்தான் குறைக்கும். ஆகவே இது மாத்திரைக்குத் துணை. மாத்திரைக்குப் பதில் அல்ல.

1. முதலில் ஒரு ஃபைல் போடுங்கள்

காய்கறி வாங்கக் கிளம்பும் முன் ஐந்து தாள்கள் கையில் இருக்க வேண்டும்.

லிப்பிட் புரொஃபைல். டிரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 400-க்கு மேல் இருந்தால், கணக்குப் போட்டு எழுதும் எல்.டி.எல். எண்ணை நம்ப முடியாது. நேரடியாக அளந்த எல்.டி.எல். வேண்டும் என்று லேபில் கேளுங்கள். டிரைகிளிசரைடு அதிகம் என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள் 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து ரத்தம் கொடுக்க வேண்டும்.

கிரியாட்டினினும் பொட்டாசியமும். பலர் தவறவிடுவது இதைத்தான். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று தெரியாமல் கீரையையும் பழத்தையும் இளநீரையும் கூட்டுவது ஆபத்து.

மூன்று மாதச் சர்க்கரை அளவு. எச்.பி.ஏ.1சி என்று எழுதியிருப்பார்கள்.

மருந்துப் பட்டியல். ஆங்கில மருந்து மட்டும் போதாது. சித்த மருந்து, நாட்டு மருந்துக் கடைப் பொடி, ஆன்லைனில் வாங்கிய கேப்சூல் எல்லாவற்றையும் பெயர், அளவு, நேரத்தோடு எழுதுங்கள்.

ரத்த அழுத்தக் குறிப்பு. மேல்கையில் கட்டும் மின்னணுக் கருவி 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மணிக்கட்டில் கட்டுவதை வாங்க வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பின், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் பார்த்து, ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாள் எண்ணை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85-ஐத் தொட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். காபி குடித்த அரை மணிக்குள் பார்த்தால் எண் ஏறித் தெரியும்.

தனியார் லேபில் லிப்பிட் புரொஃபைல் மட்டும் ஏறத்தாழ 300 முதல் 800 ரூபாய் ஆகும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ டாக்டர் எழுதிக் கொடுத்தால் பணம் செலவில்லை, நேரம்தான் செலவு. பழைய ஓ.பி. சீட்டையும் ஆதாரையும் கொண்டு போங்கள். பி.பி., சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்துகொண்டால் மாத்திரை வீட்டுக்கே வரும். மிச்சமாகும் பணம் காய்கறிக்கு ஆகும்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் இப்போதே எடுத்துவிடுங்கள். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவை வேண்டும். நெஞ்சு வலி வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது பெரிய கொடுமை.

2. இவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் கூட்டக் கூடாது

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் எடுப்பவர்கள்: வால்வு மாற்றியவர்கள் பலர் இதில் வருவார்கள். கீரையில் வைட்டமின் கே அதிகம். திடீரென்று தினமும் கீரை சாப்பிட ஆரம்பித்தால் மருந்தின் வேலை குறைந்து ரத்தம் உறையலாம். பயந்து கீரையை அடியோடு நிறுத்தினால் எதிர்த்திசையில் போய் ரத்தக்கசிவு வரலாம். சரியான வழி, வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு கீரை என்று முடிவு செய்து அதை மாற்றாமல் வைத்திருப்பதுதான். மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி, மாற்றிய பின் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை) எப்போது பார்க்க வேண்டும் என்று தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்: இந்த வழிகாட்டியில் வரும் அளவுகள் இவர்களுக்குப் பொருந்தாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். கீரை, தக்காளி, வாழைப்பழம், இளநீர், பட்டர் ஃப்ரூட் எல்லாமே பொட்டாசியம் மிகுந்தவை. மற்றவர்கள் காய் வெந்த நீரைக் கொட்டக் கூடாது. இவர்கள் மட்டும் காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்ட வேண்டும். நட்சத்திரப் பழத்தை இவர்கள் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. நரம்பைத் தாக்கி உயிருக்கே உலை வைத்துவிடும்.

பி.பி., இதய மருந்துகளான டெல்மிசார்ட்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவர்கள்: இந்த மருந்துகளே பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் காய்கறிக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் ஒரு பகுதி சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடைத்தான் சேர்த்திருப்பார்கள். டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

அட்டர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள்: கிரேப்ஃப்ரூட் சாறு இந்த மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். நம் பக்கம் கிடைக்கும் பம்பளிமாஸ் அதே குடும்பம், அதே வகை வேதிப்பொருள் அதிலும் உண்டு. கமலா ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை ஆகியவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

சிறுநீரகக் கல் வந்தவர்கள்: பாலக்கீரை, தண்டுக்கீரை போன்றவற்றில் கல் உருவாகக் காரணமான ஆக்ஸலேட் அதிகம். கீரை வேண்டும் என்றால் எதைத் தேர்வது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

3. அளவை முடிவு செய்யுங்கள்

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கீழ் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இப்படிச் சொல்கிறது: காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகை 85 கிராம், கொட்டையும் விதையும் 35 கிராம், தானியம் 250 கிராம், எண்ணெய் 27 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம் காயும் பழமும் சேர்ந்து 400 கிராம்.

நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இதை வாரக் கணக்காக மாற்றினால்:

காய்கறி 10 முதல் 11 கிலோ. தோல், காம்பு, கழிவு போகச் சாப்பிடும் அளவு அதைவிடக் குறையும்.
கீரை 12 கட்டு. வாரம் நான்கு நாள், ஒரு நாளைக்கு மூன்று கட்டு.
பழம் மூன்றரை கிலோ.
பருப்பு, பயறு, கொள்ளு, கடலை எல்லாம் சேர்த்து 2.4 கிலோ.
நிலக்கடலையும் எள்ளும் சேர்ந்து ஒரு கிலோ.

எண்ணெய் மாதத்துக்கு அதிகபட்சம் மூன்றரை லிட்டர். உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம். ஒரு கிலோ பாக்கெட் நான்கு பேருக்கு 50 நாள் வர வேண்டும், அதுவும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் வெளிச் சாப்பாட்டிலும் உப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால். பெரும்பாலான வீடுகளில் ஒரு பாக்கெட் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. உப்புப் பாக்கெட்டில் பிரித்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். எங்கே நிற்கிறோம் என்பது ஒரே பாக்கெட்டில் தெரிந்துவிடும்.

செலவு? காய்க்குக் கிலோ சராசரி 40 ரூபாய், கீரைக் கட்டு 15 ரூபாய், பழம் கிலோ 60 ரூபாய், கடலை கிலோ 140 ரூபாய் என்று வைத்தால் பருப்பு நீங்கலாக வாரம் 1,000 ரூபாயை ஒட்டி வரும். மழைக்காலத்தில் தக்காளி, சின்ன வெங்காய விலை ஏறும்போது 1,300-ஐத் தாண்டலாம். கூடுதல் செலவு என்று தோன்றினால் நொறுக்குத் தீனிக்கும் பிஸ்கட்டுக்கும் ஆகும் செலவை ஒரு வாரம் தனியாக எழுதிப் பாருங்கள். பல வீடுகளில் இந்தப் பணம் அங்கேதான் இருக்கிறது.

4. எங்கே, எப்போது, எதை வாங்குவது

நகரத்துக்குள் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, தாதகாப்பட்டி, அம்மாபேட்டை ஆகிய இடங்களில் உழவர் சந்தை இருக்கிறது. விலைப் பலகையை முதலில் படியுங்கள், பிறகு கடைக்குப் போங்கள். கீரை வாங்குவதாக இருந்தால் விடிந்ததும் போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு மிஞ்சுவது வாடிய கட்டு. கீரையிலுள்ள வைட்டமின் சி, பறித்த நேரத்திலிருந்தே குறைந்துகொண்டு வரும். அதனால் வாரத்துக்கு ஒரே தடவையாக 12 கட்டு வாங்காமல் இரண்டு தடவையாக வாங்குங்கள். ஈரத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

பருப்பு, கொள்ளு, நிலக்கடலை, எள், மிளகு, மஞ்சள் ஆகியவற்றுக்குச் செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் பக்கம் மாதம் ஒரு முறை போனால் போதும். மஞ்சளைத் தூளாக வாங்க வேண்டாம். விரலி மஞ்சளாக வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். தூளில் நிறத்துக்காக லெட் குரோமேட் கலக்கும் மோசடி உண்டு. அந்த ஈயம் ரத்த அழுத்தத்தை ஏற்றும். இதயத்துக்காக வாங்கிய மஞ்சளே இதயத்தைக் கெடுக்கும்.

எந்தப் பருவத்தில் எது என்று பார்த்தால்:

குளிர்காலத்தில் நெல்லிக்காய். 100 கிராமில் 250 மில்லிகிராமுக்குக் குறையாத வைட்டமின் சி. ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 80 மில்லிகிராம்தான். ஆக, நடுத்தரமான ஒரு காய் போதும். பத்துக் காயை அரைத்துக் குடித்தால் பத்து மடங்கு பலன் வராது. உடம்பு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். நெல்லி கிடைக்காத நாளில் அரைக் கொய்யா. கொய்யாவிலும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவில் உண்டு.

சித்திரை முதல் ஆனி வரை மாம்பழம். குண்டும் மல்கோவாவும் இமாம் பசந்தும் வரும் ஊரில் மாம்பழம் சாப்பிடாதே என்று சொல்வது நடக்காத காரியம், தேவையும் இல்லை. கரோட்டினாய்டு நிறைய உண்டு. ஆனால் 100 கிராம் சதையில் சுமார் 14 கிராம் சர்க்கரை. சர்க்கரை நோய் இருந்தால் அந்த 100 கிராமே அன்றைய பழக் கணக்கு முழுவதும், அதுவும் சாறாக்காமல் துண்டாக. பழம் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து, காம்புப் பக்கம் மணமே இல்லாமல், அறுத்தால் உள்ளே புளித்தால் கார்பைட் கல் போட்டதாக இருக்கலாம். கார்பைடுக்குத் தடை இருக்கிறது. அப்படித் தெரிந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், பில் இருந்தால் நல்லது.

ஆனி, ஆடியில் நாவல் பழம். ப்ளூபெர்ரியில் எந்த ஆந்தோசயனினுக்காக இவ்வளவு விலை கொடுக்கிறார்களோ, அதே வகை நிறமிதான் நாவலின் கருநீலம். சுட்ட பழமோ சுடாத பழமோ, தோலோடு தின்ன வேண்டும். உப்பில் புரட்டி வாங்காதீர்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கும் மலைக்கு அடிக்கடி போய் வருபவர்களுக்கும் கமலா ஆரஞ்சு, கொய்யா, பேரிக்காய், பட்டர் ஃப்ரூட், சௌசௌ, மிளகு எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். பட்டர் ஃப்ரூட்டில் இருப்பது பெரும்பாலும் நல்ல கொழுப்பு. ஆனால் ஜூஸ் கடையில் பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்துத் தருவது வேறு பண்டம். வீட்டில் மசித்து, எலுமிச்சையும் மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்து, சப்பாத்திக்கோ கேழ்வரகு ரொட்டிக்கோ தொட்டுக்கொள்ளுங்கள். மலைக் கிராமங்களில் விளையும் ராகியும் சாமையும் கிடைத்தால் விடாமல் வாங்குங்கள். பாலிஃபீனால் தானியத்தின் தோலில்தான் இருக்கிறது. பட்டை தீட்டித் தீட்டி வெள்ளையாக்கிய சாமை, விலை கூடியது, சத்துக் குறைந்தது.

ஜவ்வரிசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப் பெருமை அது, மறுக்கவில்லை. ஆனால் 'எளிதில் செரிக்கும், இதயத்துக்கு நல்லது' என்று நோயாளிக்குத் தினமும் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கும் வழக்கம் நல்லதல்ல. அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. நார்ச்சத்தும் ஆன்டிஆக்ஸிடன்ட்டும் அதில் இல்லை என்றே சொல்லலாம். டிரைகிளிசரைடு அதிகம் உள்ளவருக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் எவ்வளவோ மேல்.

5. சமைக்கும்போது சத்து எங்கே போகிறது

வாங்குவதைவிட இங்கேதான் அதிகம் வீணாகிறது.

கழுவிய பிறகு நறுக்குங்கள். நறுக்கிக் கழுவினால் வைட்டமின் சி தண்ணீரோடு போகும். காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து நீரைக் கொட்டினால் அதில் பாதிக்கு மேல்கூடப் போய்விடும். கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து மூடி வேகவைப்பதோ, அதே நீரைச் சாம்பாரிலோ ரசத்திலோ சேர்ப்பதோ நல்லது. கொள்ளு ரசம் வைப்பவர்கள் ஏற்கெனவே இதைச் செய்கிறார்கள்: கொள்ளு வெந்த கருஞ்சிவப்பு நீரில்தான் பாலிஃபீனால் இறங்கியிருக்கிறது.

கீரை பச்சையாகத் தெரிவதற்காகச் சமையல் சோடா போடாதீர்கள். நிறம் நிற்கும், வைட்டமின் சி நிற்காது.

கீரையிலும் கேரட்டிலும் பரங்கிக்காயிலும் இருக்கும் கரோட்டின் எண்ணெயில் கரைவது. துளி எண்ணெய்கூட இல்லாமல் வேகவைத்துச் சாப்பிட்டால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. ஒருவருக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். பயந்து எண்ணெயை முழுக்க நிறுத்தியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நல்லெண்ணெய் இதற்கு ஏற்றது. அதிலுள்ள செசமோல் எண்ணெயையே சிக்கு வாடை பிடிக்காமல் காக்கிறது.

தக்காளியைப் பச்சையாகச் சாப்பிடுவதைவிட எண்ணெயில் வதக்கினால் அதன் சிவப்பு நிறமியான லைகோபீன் நன்றாகச் சேரும். தக்காளிக் கடைசல், தக்காளித் தொக்கு எல்லாம் சரி. தொக்கில் உப்பைப் பார்த்துப் போடுங்கள்.

பூண்டைத் தட்டிய உடனே எண்ணெயில் போடக் கூடாது. தட்டி வைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். அந்த நேரத்தில்தான் நொதி வேலை செய்து அல்லிசின் உருவாகிறது. முழுப் பல்லாக நேரே சூட்டில் போட்டால் நொதி செத்துவிடும். சமையலில் முதலில் பூண்டைத் தட்டி வைத்துவிட்டுப் பிறகு வெங்காயம் நறுக்கினால் நேரம் சரியாக இருக்கும்.

வெங்காயத்தில் குவெர்செட்டின் என்ற பாலிஃபீனால் வெளி அடுக்குகளில்தான் அதிகம். காய்ந்த சருகை மட்டும் நீக்குங்கள், இரண்டு அடுக்கு சேர்த்து உரிக்க வேண்டாம்.

மஞ்சளோடு மிளகு. மிளகின் பைப்பரின், மஞ்சளின் குர்குமின் உறிஞ்சப்படுவதைப் பல மடங்கு கூட்டுகிறது. பெங்களூரில் ஆரோக்கியமான மனிதர்களிடம் நடத்தி 1998-இல் வெளியான ஆய்வு 20 மடங்கு என்று காட்டியது. ஆனால் அதில் கொடுத்தது 2 கிராம் தூய குர்குமின். சமையல் மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். மிளகு ரசத்தில் மஞ்சள் போடுவது நல்ல பழக்கம், அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

நெல்லிக்காயை இரும்புச் சட்டியில் சமைத்தால் கறுத்துப்போகும், வைட்டமின் சி-யும் வேகமாக அழியும். எவர்சில்வரோ மண்சட்டியோ போதும். தேன் நெல்லியும் நெல்லிக்காய் ஊறுகாயும் நெல்லிக்காய்க் கணக்கில் வராது. ஒன்று சர்க்கரை, இன்னொன்று உப்பு.

கறிவேப்பிலையை இலையின் ஓரத்தில் ஒதுக்குபவர்கள் நிழலில் காயவைத்துப் பொடியாக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா சமைத்தால் ஊறவைத்த நீரிலேயே வேகவிடுங்கள், நிறமி அந்த நீரில்தான் இறங்குகிறது.

பீட்ரூட்டிலும் கீரையிலும் உள்ள நைட்ரேட்டை நம் வாயிலிருக்கும் பாக்டீரியாதான் முதலில் மாற்றிக் கொடுக்கிறது. அதன் பிறகுதான் ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உருவாகும். கிருமிநாசினி மவுத்வாஷால் தினமும் கொப்பளிப்பவருக்கு இந்தப் பலன் குறைந்துவிடும்.

பொரித்த எண்ணெய்: அப்பளம் பொரித்து மிஞ்சியதை இரண்டொரு நாளில் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். பழைய எண்ணெயில் புதிய எண்ணெயை ஊற்றிப் பெருக்கக் கூடாது. மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய் ஆக்ஸிஜனேற்றம் அடைந்த கொழுப்பை நேரடியாக வயிற்றுக்குள் அனுப்புகிறது. காலையில் கீரை சாப்பிட்டுச் சேர்த்ததை மாலையில் இதுவே கரைத்துவிடும். தட்டுவடை செட்டில் கேரட், பீட்ரூட் துருவல் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். மாதம் ஒரு முறை ஆசைக்குச் சாப்பிடுங்கள். மற்ற நாளில் அதே துருவலை வேகவைத்த கடலைச் சுண்டலில் போட்டு, அதே சட்னி ஊற்றிச் சாப்பிடலாம், நன்றாகவே இருக்கும்.

6. காபி, டீ

ஏற்காட்டுக் காபி குடிக்கலாம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று டம்ளர். காபியில் குளோரோஜெனிக் அமிலம் என்ற பாலிஃபீனால் உண்டு. ஆனால் காபிக் கொட்டையின் எண்ணெயிலிருக்கும் காஃபெஸ்டால் எல்.டி.எல்.-ஐ ஏற்றும். பொடியை நேரடியாகத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் குடித்தால் அது முழுக்க இறங்கும். காகித வடிகட்டி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தடுத்துவிடும். எல்.டி.எல். இறங்க மறுக்கிறது, காபியோ ஐந்தாறு டம்ளர் என்றால் காகித வடிகட்டிக்கு மாறிப் பாருங்கள். சர்க்கரையைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் காபி, டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் கீரையின் இரும்புச்சத்து சேராது.

7. பணமும் உடம்பும் போகும் பொறிகள்

கேப்சூல். பீட்டா கரோட்டின் நல்லது என்றால் அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பழக்கக்காரர்களிடம் சோதித்தார்கள். ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. வைட்டமின் இ 400 யூனிட் கொடுத்து இதய நோய் அபாயம் உள்ள 9,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஹோப் ஆய்வில், 2000-இல் வந்த முடிவு: மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. இதய நோயைத் தடுப்பதற்காக இந்த இரண்டையும் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. புகைப்பவர் வீட்டில் இருந்தால் பீட்டா கரோட்டின் கேப்சூலை உள்ளேயே விடாதீர்கள். கேரட்டும் முருங்கைக்கீரையும் கொடுங்கள், அவற்றால் அந்த ஆபத்து இல்லை.

'ஓராக் மதிப்பு இத்தனை ஆயிரம்' என்று எழுதிய பொடி. அது ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைச் சோதனைக் குழாயில் அளந்த எண். உடம்புக்குள் நடப்பதோடு அதைப் பொருத்த முடியாது என்பதால் அமெரிக்க வேளாண் துறை தன் ஓராக் பட்டியலை 2012-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. விற்பவர்கள் மட்டும் இன்னும் விடவில்லை.

லேபிள். எந்தப் பொட்டலம் வாங்கினாலும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஊட்டச்சத்துக் கேப்சூல்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். அந்த எச்சரிக்கையை அச்சிட்ட டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே 'அடைப்பு கரையும்' என்று ஒருவர் சொன்னால் எதை நம்புவது என்று யோசியுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர், தேன் சாறு. சமையலில் இவை நல்லவைதான். அடைபட்ட குழாயைத் திறக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ரத்தக் கட்டியைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர் கப் கணக்கில் பூண்டுச் சாறு குடித்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். மருதம்பட்டைக் கஷாயமும் அப்படித்தான்: பி.பி. மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதாக இருந்தால் டாக்டருக்குத் தெரிய வேண்டும், கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது. செறிவூட்டிய மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் கஷாயம் போட அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். ஏற்காடு மலையில் இருப்பவர்கள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வர வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எது, அங்கே எந்த நேரம் ஆள் இருப்பார்கள் என்று இப்போதே தெரிந்து வையுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டர்வாஸ்டாட்டின் அடங்கிய முதல் டோஸ் அங்கேயே கொடுக்கிறார்கள்.

8. பன்னிரண்டு வாரக் கால அட்டவணை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வயிறு உப்பும், வீட்டில் சண்டை வரும், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும்.

முதல் இரண்டு வாரம் ஃபைல், பி.பி. குறிப்பு, உப்புப் பாக்கெட்டில் தேதி. சாப்பாட்டில் ஒரே மாற்றம்: தினமும் ஒரு நெல்லிக்காய் அல்லது அரைக் கொய்யா.

மூன்றாம் வாரத்திலிருந்து கீரை நான்கு நாள். பொரியலின் அளவை இரட்டிப்பாக்கி, சாதத்தின் அளவைக் கால் பங்கு குறையுங்கள். காயைக் கூட்டிவிட்டுச் சாதத்தை அப்படியே வைத்தால் எடை ஏறும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து பயறும் கொள்ளும். முதலில் வாரம் இரண்டு நாள், பிறகு தினமும். எட்டு மணி நேரம் ஊறவைத்தால் வாயுத் தொல்லை குறையும். மாலை நொறுக்குத் தீனிக்குப் பதில் தோலோடு வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, உப்பு இல்லாமல்.

ஏழாம் வாரத்திலிருந்து வாரம் மூன்று வேளை வெள்ளரிசிக்குப் பதில் ராகி, சாமை அல்லது சிவப்பரிசி.

பன்னிரண்டாம் வார முடிவில் மீண்டும் ரத்தப் பரிசோதனை. அதே லேப், அதே அளவு வெறும் வயிறு. காய்ச்சலோ வேறு பெரிய நோயோ வந்திருந்தால் சில வாரம் தள்ளிப் போடுங்கள், உடம்பு சரியில்லாதபோது எல்.டி.எல். தற்காலிகமாக இறங்கித் தெரியும். இடையில் மாத்திரையின் அளவு மாறியிருந்தால் அந்தத் தேதியைத் தாளில் குறித்து வையுங்கள், எது எதனால் இறங்கியது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட், புதிய ரிப்போர்ட், ஏழு நாள் பி.பி. குறிப்பு, மருந்துப் பட்டியல் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கொடுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: என் எல்.டி.எல். எந்த எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும்? பொட்டாசியம் இந்தச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கிறதா? அடுத்த பரிசோதனை எப்போது? மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை அவர் சொல்லும் வரை பழைய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.